போனைப் பிடுங்காமல் இணையப் பாதுகாப்பு சொல்லிக்கொடுப்பது எப்படி: டெல்டா பள்ளிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆறு நாள் என் வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை, அம்மா காலையிலேயே நடவுக்குப் போய்விடுவார், வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாயியுடையது. அப்பாயிக்கு எழுத்து தெரியாது. அதனால் அவருடைய யுபிஐ பின்னைப் போட்டு மளிகைக் கடைக்குப் பணம் அனுப்புவது பேரன்தான். விளையாட்டில் பழக்கமான ஒரு அண்ணன் “இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின்னைப் போடு, உனக்குப் பணம் வரும், அதுல டைமண்ட் வாங்கிக்க” என்று படம் அனுப்ப, இவன் நாலு தடவை பின்னைப் போட்டான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு வந்த பணத்திலிருந்து 7,400 ரூபாய் போய்விட்டது. ஏழாம் நாள் அப்பாயி பாங்குக்குப் போனபோதுதான் விஷயமே வெளியில் வந்தது. அதற்குள் அந்தப் பணம் எத்தனை கணக்கு மாறியதோ, திரும்பி வரவே இல்லை.

“ஏன்டா அன்னிக்கே சொல்லல?” என்று கேட்டேன். “சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்க சார். ராத்திரி அப்பா அதுலதான் வீடியோ கால் வருவாங்க.”

இந்தப் பதிலுக்குப் பிறகு நான் பாடம் நடத்தும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். அதுவரை ‘இதைச் செய்யாதே, அதைத் தொடாதே’ என்று ஒரு பட்டியலைத்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு ஏமாறுகிற பயத்தை விட, மாட்டிக்கொண்டதைச் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்கிற பயம் பெரிது. அந்தப் பயத்தைக் குறைக்காமல் எத்தனை பாஸ்வேர்ட் பாடம் நடத்தினாலும் அது கரும்பலகையோடு நின்றுவிடும். கீழே இருப்பது ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை நாங்கள் நடத்துகிற முறை. வாரம் ஒரு பாடவேளை என்று ஆறு பாடவேளை, அதற்கு முன்னால் கொஞ்சம் வேலை, பின்னால் ஒரு பெற்றோர் கூட்டம்.

முதலில் யார் வீட்டில் என்ன போன் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாடம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாலே கேள்வி போதும்: நீ பார்க்கிற போன் யாருடையது, அதில் எதை அதிகம் பார்க்கிறாய், நேரில் பார்க்காத யாருடனாவது பேசுகிறாயா, எதையாவது பார்த்து பயந்து யாரிடமும் சொல்லாமல் விட்டாயா. நாலாவது கேள்விக்கு எத்தனை பேர் ‘ஆமாம்’ எழுதுகிறார்கள் என்று பாருங்கள். ஒற்றை ஆமாம் வந்தாலும் உங்கள் வகுப்பில் இன்னும் சொல்லாத ஒரு பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம், அந்தப் பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற பாடங்களை நடத்த வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. நகரத்துப் பிள்ளைகளுக்கு வருகிற அறிவுரைகள் எல்லாம் பிள்ளைக்குத் தனி போன் இருக்கிறது என்று நினைத்து எழுதப்பட்டவை. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுதான் அந்த வீட்டுப் பாங்கும். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வந்ததும் அதில்தான் எஸ்எம்எஸ் வரும், பிஎம் கிசான் தவணை 2,000, நூறு நாள் வேலைச் சம்பளம், நெல் போட்ட பணம், சிங்கப்பூரிலிருந்து அப்பா அனுப்புவது எல்லாமே அதற்குள்தான். அந்த போனில் பிள்ளை ரீல்ஸ் பார்க்கிறது. ஆகவே இங்கே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் அப்பாயிக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த மாதிரி.

தலைமையாசிரியரோடும் மற்ற ஆசிரியர்களோடும் பேசி வைக்க வேண்டியது

இதைத் தாண்டிவிட்டு நேராக வகுப்புக்குள் போகாதீர்கள். நீங்கள் நன்றாக நடத்தினால் யாராவது ஒரு பிள்ளை வந்து எதையாவது சொல்லும், அப்போது என்ன செய்வது என்பது பள்ளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் தயங்காமல் பேசக்கூடிய இரண்டு ஆசிரியர்களை முடிவு செய்துகொள்ளுங்கள், ஒருவராவது பெண் ஆசிரியராக இருக்கட்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது கடமை. மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். ‘பள்ளிக்குக் கெட்ட பேர் வரும், நாமே பேசி முடிச்சுடலாம்’ என்பதற்கு அங்கே இடமே கிடையாது. அதனால்தான் பிள்ளையிடம் “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்யக் கூடாது. “உனக்கு உதவி பண்ண யாருக்குத் தெரியணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்” என்று சொல்லுங்கள். இதைத்தான் உங்களால் காப்பாற்ற முடியும்.

இன்னொன்று, ஆசிரியர்களே தெரியாமல் செய்யும் தவறு. பிள்ளையின் படம் ஏதாவது சுற்றுகிறது என்றால் “எனக்கு அனுப்பு, பார்க்கிறேன்” என்று உங்கள் போனுக்கு வாங்கிவிடாதீர்கள், தலைமையாசிரியருக்கு அனுப்பிவிடாதீர்கள். அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவிலும் போக்சோவிலும் வருகிறது. சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன ஒரு வழக்கில் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. படம் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். என்ன, எங்கே, யார் அனுப்பியது என்பதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாடவேளை: பின் போட்டால் பணம் போகும்

பணத்திலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளுக்கு வெட்கம் இல்லாமல் பேச முடிகிற விஷயம் இது, வாயைத் திறக்க வைக்கும்.

இரண்டு பேரை முன்னால் கூப்பிட்டு ஒருவனைக் கடைக்காரன், ஒருவனைப் பேரன் ஆக்குங்கள். கடைக்காரன் பேரனுக்குப் பணம் அனுப்ப வேண்டும். யார் பின் போட வேண்டும் என்று வகுப்பைக் கேளுங்கள். எங்கள் வகுப்பில் முதல் தடவை பாதிப் பேர் “ரெண்டு பேரும்” என்றார்கள். அங்கேதான் ஓட்டை. பணம் வாங்க பின் எண் தேவையே இல்லை; பின் எண் போட்டால் பணம் வெளியே போகிறது. இதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி எல்லோரையும் மூன்று தடவை சத்தமாகச் சொல்ல வையுங்கள். சின்னப் பிள்ளைத்தனமாகத் தோன்றலாம், ஆனால் சாயங்காலம் போய் வீட்டில் சொல்லும்போது அதே வாக்கியம்தான் வாயில் வரும்.

ஓடிபி-யை மதகுச் சாவி என்று நான் சொல்வது வழக்கம். வாய்க்கால் மதகுச் சாவியை, தண்ணீர் திறந்துவிடும் ஊழியரான லஸ்கரிடம் தவிர வேறு யாரிடமும் கொடுப்பார்களா? “சும்மா ஒரு நிமிஷம் குடுங்க தம்பி” என்று ஊர் தெரியாத ஆள் கேட்டால்? பிள்ளைகள் சிரிப்பார்கள், சட்டென்று புரிந்தும் கொள்வார்கள். ஓடிபி கேட்கிறவர் பாங்கு மேனேஜர் என்று சொன்னாலும், கல்வி அலுவலகத்திலிருந்து உதவித்தொகை போடப் பேசுகிறேன் என்று சொன்னாலும், அந்த எண்ணைச் சொல்லக் கூடாது. உதவித்தொகை பேச்சு எடுத்தால் நம் பெற்றோர் உடனே நம்பிவிடுகிறார்கள், காரணம் பிள்ளையின் பெயரும் வகுப்பும் சரியாகச் சொல்கிறார்கள். பெயரும் வகுப்பும் யாருக்கும் கிடைக்கும், அது ஒன்றும் அத்தாட்சி இல்லை என்று சொல்லுங்கள்.

அப்புறம் ஊர்க் குரூப்பில் வருகிற ஏபிகே கோப்புகள், அதாவது தட்டினால் போனில் ஆப்பை ஏற்றிவிடுகிற கோப்புகள். ‘பிஎம் கிசான்’ என்று பெயர் போட்டு, பச்சைப் பயிர்ப் படம் போட்டு வரும், அனுப்பினவர் நமக்குத் தெரிந்த மாமாவாகவே இருப்பார், ஏனென்றால் அவர் போன் முதலில் மாட்டிக்கொண்டது. அதைத் தட்டி உள்ளே போட்டால் போனுக்கு வரும் எஸ்எம்எஸ் எல்லாம் இன்னொருவர் படிப்பார். ஆப் வேண்டுமென்றால் ப்ளே ஸ்டோரில் மட்டும்தான் எடுக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்ததைத் தட்டக் கூடாது.

பாஸ்வேர்டை இதே வகுப்பில் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். பிறந்த தேதி, போன் எண், ஹீரோ பெயர் கூடாது. சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமாகவும் இருக்கும், மறக்கவும் மறக்காது. தோழிக்கு பாஸ்வேர்ட் கொடுப்பதுதான் நட்புக்கு அடையாளம் என்று எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. அதைத் திட்டாமல் பேசுங்கள். சண்டை வந்து பேசாமல் இருக்கிற வாரத்தில் அந்த பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கும் என்று கேட்டால் போதும், அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

இரண்டாம் பாடவேளை: ஒரே ஒரு போட்டோ

எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு இது. யாருடைய உண்மையான போட்டோவையும் காட்டாதீர்கள், கரும்பலகையில் நீங்களே ஒன்றை வரையுங்கள். பள்ளிச் சீருடையில் ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் ஒரு தெப்பக்குளம், தூரத்தில் கோயில் கோபுரம், ஓரத்தில் நிற்கிற டவுன் பஸ், அதன் நெற்றியில் எண். கீழே ‘டியூஷன் முடிஞ்சு டெய்லி இங்கதான்’ என்று ஒரு வரி. இந்தப் பெண்ணைத் தெரியாத ஆள் ஒருவன் இதை வைத்து என்னென்ன கண்டுபிடிக்கலாம் என்று கேளுங்கள்.

எங்கள் ஏழாம் வகுப்பு ஐந்து நிமிடத்தில் பதினோரு விஷயம் சொன்னது. சீருடையை வைத்துப் பள்ளி, பஸ் எண்ணை வைத்து எந்த ஊருக்குப் போகிறாள் என்பது, குளத்தை வைத்து எந்தத் தெரு, வரியை வைத்து எத்தனை மணிக்கு நிற்பாள் என்பது. ஒரு பெண் எழுந்து, “நிழல் நீளமா இருக்கு மிஸ், அப்ப சாயங்காலம்” என்று பக்கத்தில் நின்ற ஆசிரியையிடம் சொன்னாள். அந்த நிழலை நான் யோசித்து வரையக்கூட இல்லை. அந்தப் பெண் அன்றைக்குச் சாயங்காலமே தன் அக்காவின் படத்தை எடுக்கச் சொன்னாளாம்.

இதே வகுப்பில் வயது விஷயத்தையும் பேசுங்கள். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் குறைந்தபட்ச வயது 13. ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் வயதைக் கூட்டிப் போட்டுத்தான் உள்ளே இருக்கிறார்கள், நாம் தெரியாத மாதிரி இருந்து பயனில்லை. இன்ஸ்டாகிராமில் பதின்ம வயதுக் கணக்கு என்றால் தானாகவே பூட்டிய கணக்காக இருக்கும், தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாது. 21 வயது என்று போட்டால் அந்தக் கரையெல்லாம் உடைந்துவிடும், பெரியவர்களுக்கு வருவதெல்லாம் பிள்ளைக்கும் வரும். பொய் சொன்னதற்காகத் திட்டுவதை விட இதை விளக்கினால் கேட்கிறார்கள். 

மூன்றாம் பாடவேளை: நேரில் பார்க்காத அண்ணன், அக்கா

‘தெரியாதவரோடு பேசாதே’ என்பது இங்கே வேலைக்கு ஆகாது. மூன்று வாரம் சேர்ந்து விளையாடியவன் பிள்ளைக்குத் தெரியாதவன் இல்லை, அவன் ஃபிரெண்ட். ஆகவே யார் என்பதை விட்டுவிட்டு, என்ன கேட்கிறான் என்பதைப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். நான் சொல்கிற அடையாளங்கள் இவை: விளையாட்டிலிருந்து வேறு ஆப்புக்கு வா என்று கூப்பிடுவது, வீட்டில் தனியாக இருக்கிறாயா என்று கேட்பது, காரணமில்லாமல் பரிசு தருவது, போட்டோ கேட்பது, பேசியதை அழிக்கச் சொல்வது. எல்லாவற்றுக்கும் மேல் “இதை வீட்ல சொல்லாத” என்பது. மற்றதெல்லாம் ஒருவேளை தற்செயலாக இருக்கலாம், ஆனால் கடைசியில் சொன்னதைக் கேட்ட அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்லியாக வேண்டும்.

நம் பக்கத்தில் பல அப்பாக்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். “நான் உங்க அப்பாவோட ரூம்ல இருக்கேன், அப்பாவுக்கு அடிபட்டுடுச்சு, உடனே பணம் வேணும்” என்று போன் வந்தால் எந்தப் பிள்ளையும் எந்த அம்மாவும் ஆடிப்போவார்கள். இப்போது குரலையே நகல் எடுத்துப் பேச முடிகிறது. இதற்கு ஒரு எளிய வழி, வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல். குலதெய்வத்தின் பெயர் மாதிரி ஊருக்கே தெரிந்தது வேண்டாம், செத்துப்போன மாட்டின் பெயர், தாத்தா வைத்த பட்டப்பெயர், இப்படி வீட்டுக்குள் மட்டும் புழங்கியது. அதைக் கேளுங்கள், தெரியவில்லை என்றால் போனை வைத்துவிட்டு அப்பா எப்போதும் பேசுகிற எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். இதை அன்றைய வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். அந்தச் சொல்லை நோட்டில் எழுதிவரச் சொல்லிவிடாதீர்கள், ‘முடிவு செய்துவிட்டோம்’ என்று சொன்னால் போதும்.

நான்காம் பாடவேளை: படத்தை வைத்து மிரட்டினால்

இதற்கு நிதானம் வேண்டும். ஆறு, ஏழாம் வகுப்புக்கு ‘உடம்பு தெரிகிற படம்’ என்கிற அளவில் பேசினால் போதும். எட்டுக்கு மேல் வெளிப்படையாகவே பேசலாம். ஆண், பெண் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பாடத்தை நடத்திவிட்டு, கேள்வி நேரத்தை மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இது பெண்பிள்ளைகளுக்கான பாடம் என்று நினைத்துவிட வேண்டாம். பெண் பெயரில் பேசி, படம் வாங்கி, அடுத்த பத்தாவது நிமிடம் பணம் கேட்டு மிரட்டுகிறவர்கள் பையன்களைத்தான் அதிகம் குறிவைக்கிறார்கள். பையன்கள் சொல்வதும் இல்லை.

வகுப்பின் முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: “நீ படம் அனுப்பியிருந்தாலும் சரி, மிரட்டுறவன்தான் குற்றவாளி, நீ இல்ல.” சாதாரண முகப் படத்தை எடுத்து ஏஐ வைத்து மாற்றி மிரட்டுவதும் அதே குற்றம்தான் என்பதையும் சொல்லுங்கள், ‘அது நான் இல்லையே, யார் நம்புவாங்க’ என்று தவிக்கிற பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

அப்புறம் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லிக்கொடுங்கள். பணம் கொடுக்காதே, கொடுத்தால் மறுபடி கேட்பான். இன்னொரு படமும் அனுப்பாதே. பதில் போடுவதை நிறுத்து. பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதே. அவனுடைய பெயர், எண், மிரட்டிய செய்தி, பணம் அனுப்பச் சொன்ன ஐடி இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடு. அதன் பிறகு பிளாக் செய். அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்.

பெரியவர் கூப்பிட வேண்டிய எண்கள் இரண்டு. 1930 சைபர் குற்றத்துக்கு, 1098 குழந்தைகள் உதவிக்கு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களுக்குத் தனிப் பகுதி உண்டு, பெயர் சொல்லாமலும் அங்கே புகார் கொடுக்கலாம். ‘டேக் இட் டவுன்’ என்று ஒரு இலவசச் சேவையும் இருக்கிறது, காணாமல்போன, சுரண்டப்படும் பிள்ளைகளுக்கான அமெரிக்காவின் என்சிஎம்இசி அமைப்பு நடத்துவது. 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால், படத்தை எங்கும் அனுப்பாமலேயே போனுக்குள் அதற்கு ஒரு எண் அடையாளம் உருவாக்கி, சேர்ந்திருக்கிற நிறுவனங்களின் தளங்களில் அந்தப் படத்தை எடுக்க வைக்கும். வாட்ஸ்அப்பில் தனியாகச் சுற்றுவதை அது பிடிக்காது, பொதுவில் பரவுவதைத் தடுக்க உதவும்.

வகுப்பு முடிகிற நேரத்தில் எல்லோரும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 1930, 1098 இரண்டையும் எழுதட்டும். அதற்குக் கீழே, தான் போய்ச் சொல்லக்கூடிய மூன்று பெரியவர்களின் பெயர். அம்மாச்சி, சித்தப்பா, மாமா, டீச்சர், யாராக இருந்தாலும் சரி. மூன்றாவது பெயர் எழுத முடியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கவனியுங்கள், வகுப்பு முடிந்து அதனிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

ஐந்தாம் பாடவேளை: வகுப்புக் குரூப்

வெளியாள் செய்கிற தொந்தரவை விட, பக்கத்து பெஞ்சில் இருப்பவன் செய்வதுதான் தினமும் நடப்பது. தூங்குகிற பையனைப் படம் எடுத்து ஸ்டிக்கர் ஆக்குவது, ஒருத்தியை மட்டும் நீக்கிவிட்டுப் புதுக் குரூப் தொடங்குவது, உடம்பையும் நிறத்தையும் வைத்துப் பேர் வைப்பது. ஸ்டிக்கர் செய்தவனை விட அதைத் தள்ளிவிட்ட முப்பது பேரிடம் பேசுங்கள். நீ ஃபார்வர்ட் செய்யாமல் விட்டிருந்தால் அது எங்கே நின்றிருக்கும் என்று கரும்பலகையில் கிளை கிளையாகப் போட்டுக் காட்டுங்கள், வாய்க்கால் பிரிகிற மாதிரி.

சாதியை விட்டுவிட்டு இந்தப் பாடத்தை முடிக்காதீர்கள். சாதியைக் காட்டக் கையில் கட்டின கலர் கயிறு இப்போது ஸ்டேட்டஸில் ஏறியிருக்கிறது. பாட்டு, அரிவாள் படம், தலைவர் படம், அதற்குப் பதில் ஸ்டேட்டஸ், மறுநாள் பஸ் ஸ்டாண்டில் கைகலப்பு. பிள்ளைகள் எழுதுவதில்லை இவற்றை, யாரோ செய்து கொடுக்கிறார்கள், இவர்கள் போடுகிறார்கள். இதை யார் செய்தது, உன்னை வைத்து அவருக்கு என்ன லாபம், வழக்கு வந்தால் பள்ளிச் சான்றிதழோடு ஸ்டேஷனில் நிற்பது யார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பெயர் சொல்லி யாரையும் எழுப்பாதீர்கள்.

ஆறாம் பாடவேளை: நாளைக்கு லீவா?

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டால் உதாரணம் தேட வேண்டியதில்லை. ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று கலெக்டர் கையெழுத்தோடு ஒரு படம் ராத்திரி எட்டு மணிக்கே வந்துவிடும். போன வருஷத்து அறிவிப்பில் தேதியை மட்டும் மாற்றினது, இல்லையென்றால் வேறு மாவட்டத்து அறிவிப்பு. உண்மையும் பொய்யுமாக மூன்று அறிவிப்பை நீங்களே தாளில் எழுதி குழுவுக்கு ஒன்று கொடுங்கள். தேதி, கிழமை பொருந்துகிறதா, எந்த மாவட்டம், மாவட்ட நிர்வாகத்தின் சொந்தப் பக்கத்தில் இருக்கிறதா, செய்தித் தொலைக்காட்சியில் ஓடுகிறதா. லீவு விஷயம் என்பதால் பிள்ளைகள் அவ்வளவு கவனமாகத் தேடுவார்கள்.

அதிலிருந்து பெரிய விஷயத்துக்குப் போங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததை இப்போது பள்ளியில் இருக்கும் மூத்த பிள்ளைகளுக்கு மங்கலாகவாவது நினைவிருக்கும். மின்சாரம் இல்லாமல் நாள் கணக்கில் இருட்டில் கிடக்கும் ஊரில் ‘அடுத்த புயல் வருது’, ‘கரை உடைஞ்சிடுச்சு’ என்று ஒரு பொய் வந்தால் கிழவன் கிழவி எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு ஓட வேண்டியதாகிவிடும். சரிபார்க்காமல் அனுப்புகிற ஒரு விரலால் என்ன ஆகும் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை இங்கேயே சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் 2022இல் ஒரு சட்டம் வந்தது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. விளம்பரத்தில் தெரிந்த முகம் வந்தாலும் அது தடை செய்யப்பட்டது என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

பெற்றோர் கூட்டம்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தோடு சேர்த்து வையுங்கள், ஆனால் நடவு நாளிலும் அறுப்பு நாளிலும் வைத்தால் யாரும் வர மாட்டார்கள். அம்மா வர முடியாவிட்டால் அப்பாயி, அம்மாச்சி வரட்டும், போனைக் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கள். பேச்சைக் குறைத்துவிட்டு அங்கேயே செட்டிங்கைச் செய்து கொடுங்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு போன் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் முடியும்.

செய்ய வேண்டியவை: திரைப் பூட்டு. பணம் அனுப்பும் ஆப்புக்குத் தனிப் பூட்டு. ப்ளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் கேட்க வைப்பது. வெளியிலிருந்து வரும் ஆப்பை நிறுவும் அனுமதியை நிறுத்துவது. வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க இரண்டடுக்குச் சரிபார்ப்பு, முகப்புப் படமும் குரூப்பில் சேர்ப்பதும் தெரிந்த எண்களுக்கு மட்டும். யுபிஐ பின்னை அப்பாயி தானே போடக் கற்றுக்கொள்வது. எழுத்து தெரியாதவர்களுக்கும் எண் தெரியும், பஸ் எண் பார்த்து ஏறுகிறவர்கள்தானே. அன்றைக்கு ஒரு பாட்டி பின்னை மாற்றிவிட்டு, நாலு தடவை போட்டுப் பார்த்து, “இனிமே பயலுக்குத் தெரியாது” என்று முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ராத்திரி போன் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும், பிள்ளை படுக்கிற இடத்தில் வேண்டாம். இதற்குப் பெரியவர்களும் கட்டுப்பட வேண்டும்.

இதையெல்லாம் செய்த பிறகு, எழுந்து நின்று ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். பிள்ளை தானாக வந்து “தப்பு பண்ணிட்டேன்” என்று சொன்னால் அன்றைக்கு அடிக்கவும் மாட்டேன், போனைப் பிடுங்கவும் மாட்டேன் என்று பிள்ளைக்கு முன்னால் சொல்லச் சொல்லுங்கள். சிலர் சொல்லத் தயங்குவார்கள். “அப்ப பயமே இல்லாமப் போயிடுமே சார்” என்று ஒரு அப்பா கேட்டார். பயம் இருந்த வீட்டில்தான் ஆறு நாள் கழித்துத் தெரிந்தது என்று அந்த 7,400 ரூபாய் கதையைப் பெயர் இல்லாமல் சொன்னேன். பணம் போன முதல் ஒரு மணி நேரத்தில் 1930க்குக் கூப்பிட்டு, எந்தக் கணக்கு, எவ்வளவு, எத்தனை மணி, பரிவர்த்தனை எண் என்ன என்று சொன்னால், அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் வேண்டுமென்றால் பிள்ளை உடனே வாய் திறக்க வேண்டும். அந்த அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மகளைப் பார்த்து அந்த வாக்கைச் சொன்னார்.

நாம் மாற்றிக்கொள்ள வேண்டியது

போட்டோ போடாதே என்று பாடம் நடத்திவிட்டு, பரிசு வாங்கிய பிள்ளையின் படத்தைப் பெயர், வகுப்பு, ஊரோடு நம் ஸ்டேட்டஸில் போட்டால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலை முக்கியமாக வைக்கிறது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் பிள்ளையிடமும் வீட்டிலும் கேட்டுவிட்டுப் போடுங்கள். மாணவர்களோடு தனியாக ராத்திரியில் சாட் வேண்டாம், வீட்டுப்பாடம் எல்லாம் குரூப்பிலேயே போகட்டும். ஹைடெக் லேபில் வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்கிறார்களா என்று பார்ப்பதும் நம் வேலைதான்.

பிள்ளைகள் கேள்வி எழுதிப் போட வகுப்பில் ஒரு பெட்டி வையுங்கள், மாதம் இரண்டு தடவை அதைத் திறந்து பாருங்கள். ஆறு பாடவேளையோடு முடிந்துவிட்டது என்று விட்டால், ஆடியில் வரும் புது விளையாட்டையும் புது ஏமாற்றையும் நாம் கடைசியாகத்தான் கேள்விப்படுவோம்.

ஒரு பிள்ளை வந்து சொல்லும்போது

கையில் இருக்கும் வேலையைக் கீழே வையுங்கள். “நீ சொன்னது ரொம்ப நல்லது” என்று முதலில் சொல்லுங்கள். ‘ஏன் அனுப்பின’, ‘எதுக்கு எடுத்த’ என்ற கேள்விகள் வேண்டாம், அவை போலீஸும் ஆலோசகரும் முறைப்படி கேட்க வேண்டியவை. திரும்பத் திரும்ப எல்லோர் முன்னும் சொல்ல வைக்காதீர்கள், ஒரு ஆள் ஒரு தடவை கேட்டு எழுதிக்கொண்டால் போதும். தேதி, நேரம், பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். வீட்டுக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று பிள்ளையையும் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். அடி விழுகிற வீடு என்றால் 1098ஐ முதலில் கூப்பிடுங்கள். சாப்பிட்டதா என்று கேளுங்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளையைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

மறுநாள் காலையில் வகுப்புக்கு வந்தால், வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்காரட்டும். தனியாகக் கூப்பிட்டு நலம் விசாரிக்காதீர்கள், மற்ற பிள்ளைகள் கவனிப்பார்கள். வருகைப் பதிவில் அந்தப் பெயரையும் மற்ற பெயர்களைப் போலவே கூப்பிடுங்கள்.